வருடம் ஒரு பயணமா, வாரம் ஒரு மரமா?

"தலைமையாசிரியர் சரி சொல்லிவிட்டார். ஆனால் ஏதாவது ஒன்றுதான் செய்யலாம் என்கிறார். காட்டுக்கு ஒரு முகாம் கூட்டிப் போகலாமா, இல்லை பள்ளிக்குள்ளேயே தோட்டம் போடலாமா?" பருவங்கள் மாறுவதைப் பிள்ளைகளுக்கு வெளியே காட்ட ஆசைப்படும் ஆசிரியர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் இது. பெற்றோர் கேட்டால் கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி வரும்: "ஒரு பள்ளியில் வருடம் ஒரு இயற்கை முகாம், இன்னொன்றில் வாரம் அரை நாள் வெளியே விடுகிறார்கள். எதில் சேர்ப்பது?"

கையில் இருக்கும் வழிகள் ஏறக்குறைய ஐந்து. வருடத்துக்கு ஒரு பெரிய பயணம். பருவத்துக்கு ஒரு தடவை ஒரே இடத்துக்குப் போய் வருவது. வாரம் அரை நாள் வெளியே. பள்ளித் தோட்டம். ஒரே மரத்தை வருடம் முழுக்கப் பார்ப்பது. ஐந்தையும் ஏதோ ஒரு காலத்தில் செய்து பார்த்தவன் நான். இரண்டில் நன்றாகவே சறுக்கினேன். அந்தச் சறுக்கலையும் சேர்த்தே இங்கே எடை போடுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

ஒரு நாள் வெளியே போனால் வெயிலைப் பார்க்கலாம், மழையைப் பார்க்கலாம், பூவைப் பார்க்கலாம். பருவத்தைப் பார்க்க முடியாது. போன மாதம் மொட்டையாக இருந்த கிளையில் இன்று தளிர் வந்திருக்கிறது என்று ஒரு பிள்ளை சொல்ல வேண்டுமானால், போன மாதமும் அது அதே கிளையைப் பார்த்திருக்க வேண்டும். அதனால் என் முதல் அளவுகோல் இது: அதே பிள்ளை அதே இடத்துக்கு வருடத்தில் எத்தனை தடவை திரும்பி வருகிறது? மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன்.

இது பள்ளிக்கூடத்துக்கு மட்டுமான யோசனை அல்ல. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் தன் தோட்டத்தில் முதல் பூ எப்போது பூத்தது, எந்த மரம் எந்த நாளில் துளிர்த்தது என்று குறிக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மரங்கள் பூத்த நாள்களைப் பழைய நாட்குறிப்புகளிலிருந்து திரட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் கி.பி. 812இலிருந்து ஆரம்பிக்கிறது. புவி வெப்பமாவதைப் பற்றிப் பேசும் அறிவியலாளர்கள் இன்று இந்தக் குறிப்புகளைத்தான் புரட்டுகிறார்கள். எழுதியவர்களிடம் கருவி ஒன்றும் இருக்கவில்லை. ஒரே இடத்தை மறுபடி மறுபடி பார்த்தார்கள், தேதி போட்டார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஆசிரியரின் நேரம். பணக் கணக்கு எல்லாரும் போடுவார்கள்; அனுமதிக் கடிதத்துக்கு அலைவதும், விட்டுப்போன பாடத்தை ஈடுகட்டுவதும் எந்தக் கணக்கிலும் வராது. மூன்றாவது, வேலையில் யார் கை படுகிறது: பிள்ளையுடையதா, தோட்டக்காரருடையதா, வழிகாட்டியுடையதா? நான்காவது, யார் விடுபட்டுப் போகிறார்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை, பக்கத்தில் கழிப்பறை இல்லாவிட்டால் வர மறுக்கும் பெரிய பெண்பிள்ளைகள். கடைசியாக, வானிலை கெட்டால் என்ன ஆகும்? பருவத்தைப் படிக்கப் போகிற வகுப்பு மழைக்குப் பயந்து ரத்தாவது வேடிக்கைதான், ஆனால் அடிக்கடி நடக்கிறது.

## வருடத்துக்கு ஒரு பெரிய பயணம்

என் முதல் சறுக்கல் இதில். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். இறங்கித் தலை எண்ணி, வரிசை போட்டு, கழிப்பறைக்கு அனுப்பி, மறுபடி தலை எண்ணி முடித்தபோது மரங்களுக்கு நடுவே நிற்க ஐம்பது நிமிடம்தான் மிஞ்சியது. கோடை தொடங்கும் நேரத்தில் இலையுதிர்க்கும் மரங்களைக் காட்டுவது என் திட்டம். மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னேன். வகுப்பில் பாதிக்கு மேல் ஒரு குரங்கைப் பற்றி எழுதியிருந்தார்கள். யாரோ ஒருவனின் பையைப் பிடுங்கிக்கொண்டு கிளையில் ஏறி, ஜிப்பைத் திறந்து, கணக்கு நோட்டைக் கீழே போட்ட குரங்கு. இலையுதிர்வு மூன்று கட்டுரைகளில் வந்தது. மூன்றிலும் ஒரே வாக்கியம், நான் பேருந்தில் சொன்ன வாக்கியம்.

குரங்கு எழுதத் தகுந்த விஷயம்தான், அவர்கள் மேல் குறை இல்லை. நான்தான் ஒரு நாளிடம் பன்னிரண்டு மாதத்தைக் கேட்டுவிட்டேன்.

மறைவான செலவு இதில் நிறைய. போவதற்கு முந்தைய இரண்டு வாரம் ஆசிரியர் பயண ஏற்பாட்டாளர் ஆகிவிடுகிறார். அன்று வராமல் வீட்டில் இருந்துவிடும் நாலைந்து பிள்ளைகள் எல்லா வருடமும் ஏறக்குறைய அதே பிள்ளைகள்தான். அன்று மழை பிடித்துக்கொண்டால் வருடமே போச்சு.

அப்படியானால் இது வேண்டாமா? வேண்டும், பள்ளிக்கு வராத விஷயங்களுக்கு. கடல் பள்ளிக்கு வராது. ஓதம் ஏறி இறங்குவதைக் கரையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தால் பார்த்துவிடலாம். இரண்டு ஏற்றங்களுக்கு இடையே பெரும்பாலான கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடம். நகர வெளிச்சம் இல்லாத இரவு வானமும் பள்ளிக்கு வராது. வானத்துக்கும் பருவம் உண்டு: வேட்டைக்காரன் எனப்படும் ஓரியன் கூட்டமும் விருச்சிகமும் ஒரே நேரத்தில் வானில் ஏறி நிற்பதில்லை, ஒன்று மறைய மற்றது எழும். ஓர் இரவு தங்கும் முகாம் என்றால் அமாவாசையை ஒட்டி வையுங்கள். நிலா வெளிச்சத்தில் பாதி நட்சத்திரம் காணாமல் போகும். வலசைப் பறவைகள் வந்து இறங்கும் நீர்நிலையும் இந்தக் கணக்கில் சேரும்.

## பருவத்துக்கு ஒரு தடவை, அதே இடத்துக்கு

ஒரு பெரிய பயணத்துக்கு ஆகும் உழைப்பை நாலாகப் பிரித்து, பக்கத்தில் இருக்கும் ஒரு குளத்துக்கோ தோப்புக்கோ வருடத்தில் நாலு தடவை போவது. முந்தையதை விட எவ்வளவோ மேல். ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் நாலு படம் எடுத்து வகுப்பில் பக்கம் பக்கமாக ஒட்டினாலே பாதிப் பாடம் முடிந்தது. குளத்தில் நீர் எந்தக் கல் வரைக்கும் இருந்தது என்று பிள்ளைகளே சண்டை போட்டுக்கொள்வார்கள்.

குறை என்னவென்றால், மாற்றங்கள் மூன்று மாதம் காத்திருப்பதில்லை. பல மரங்களில் பழைய இலை கொட்டிப் புதுத்தளிர் வருவதெல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். நீங்கள் போகும்போது முன்பும் பச்சை, பின்பும் பச்சை. நடுவில் நடந்தது தெரியாமலே போகும். வாரம் ஒரு முறை முடியாது, ஆனால் போக்குவரத்து கிடைக்கும் என்ற நிலையில் இருக்கும் பள்ளிகளுக்கு இது போதுமான வழி.

## வாரம் அரை நாள் வெளியே

இன்று அதிகம் பேசப்படுவது இதுதான். ஸ்வீடனில் 1957இல் சிறுவர்களை எல்லாப் பருவத்திலும் காட்டுக்குக் கூட்டிப்போகும் 'ஸ்கூக்ஸ்முல்லே' என்ற திட்டம் தொடங்கியது. காட்டில் வாழும் ஒரு கற்பனைப் பாத்திரத்தின் பெயர் அது. டென்மார்க்கில் பாலர் பள்ளிகள் வெளியிலேயே நடப்பதை 1993இல் இங்கிலாந்தின் ஒரு கல்லூரிக் குழு போய்ப் பார்த்துவிட்டு வந்து தொடங்கியதுதான் அங்கே 'வனப் பள்ளி' என்று பரவியது. மாதிரி எளிது: நிலையான ஓர் இடம், வாரம் ஒரு முறை, மழையோ குளிரோ போவது. பாடத்திட்டம் இறுக்கமாக இருக்காது.

முதல் மூன்று வாரம் பிள்ளைகள் ஓடுவார்கள், கத்துவார்கள், குச்சியால் அடித்துக்கொள்வார்கள். நாலாவது வாரம் "போர் அடிக்குது" என்பார்கள். அங்கேதான் பல ஆசிரியர்கள் பயந்துபோய் விளையாட்டுகளையும் பணித்தாள்களையும் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அந்தச் சலிப்பு தாண்டின பிறகுதான் ஒரு பையன் மரப்பட்டையை நெம்பிப் பார்க்க ஆரம்பிப்பான்.

இதற்குச் சாதகமாக ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்தது, 2018இல் வெளியானது. வெளியே ஒரு பாடம் நடந்தபின் உள்ளே வந்து அடுத்த பாடத்தில் உட்கார்ந்தவர்களை "இங்கே கவனி" என்று ஆசிரியர் இழுத்துப்பிடிக்க வேண்டியிருந்த தடவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. வெளியே விட்டால் பாடம் கெடும் என்று பயப்படுகிற கணக்கு ஆசிரியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பெற்றோர் அடிக்கடி சொல்லும் இன்னொரு காரணம் கண். சீனாவின் குவாங்சோவில் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்களில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு; அப்படி வைக்காத பள்ளிகளில் 39.5. 2015இல் வெளியான முடிவு, நம்பத்தக்கது. ஆனால் அதில் சோதித்தது தினமும் வெளியே இருப்பதை. வாரம் அரை நாள் விட்டுவிட்டு அதே பலனைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. கண்ணுக்காக என்றால் தினசரி இடைவேளையை நீட்டுவதுதான் வழி.

மறைவான செலவுக்கு வருவோம். வகுப்புக்குக் குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் காயம்பட்ட பிள்ளையோடு திரும்பினால் மற்றவர்களை யார் பார்ப்பது? மாற்று உடை, ஈரச் செருப்பு, சேறு. மாலையில் வீட்டில் துவைக்கிறவர்களின் முணுமுணுப்பு மூன்றாவது வாரம் பள்ளிக்கு வந்து சேரும். நிலத்துக்கும் செலவு உண்டு. நாற்பது பிள்ளைகள் வாரம் தோறும் மிதித்தால் ஒரே வருடத்தில் புல் போய் மண் இறுகிவிடும். இடத்தை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து மாற்றி மாற்றி உட்காரவைக்க வேண்டும். உண்ணி, அட்டை, குளவி எல்லாம் இடத்துக்கு ஏற்ப. நடந்து போகும் தூரம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் என்றால் இதில் இறங்காதீர்கள் என்பது என் கருத்து. போகவரவே நேரம் சரியாகி, ஆறாவது வாரம் ஏதோ ஒரு காரணம் சொல்லி நின்றுவிடும்.

## பள்ளித் தோட்டம்

தோட்டம் என்றதும் எல்லாரும் தலையாட்டுவார்கள். படம் எடுக்க அழகு, பார்வையாளருக்குக் காட்ட அழகு. விதை, முளை, இலை, பூ, காய் என்று ஒரு வாழ்க்கை வட்டத்தைக் கையால் தொட்டுக் கற்க இதைவிட நல்லது இல்லை. முள்ளங்கி போட்டால் ஒரு மாதத்தில் பிடுங்கலாம். சின்னப் பிள்ளைகளின் பொறுமைக்கு அது சரியான அளவு. பாத்திகளை மேசை உயரத்துக்குக் கட்டினால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் மண்ணைத் தொடலாம். வாசலைத் தாண்ட அனுமதியே கிடைக்காத பள்ளிக்கு வேறு வழியும் அதிகம் இல்லை.

ஆனால் பருவத்தைக் கற்பிக்கத் தோட்டம் போதாது, சில சமயம் எதிராகக்கூட வேலை செய்கிறது. இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. தினமும் நீர் ஊற்றும் பாத்திக்குக் கோடை வந்தது பாதிதான் தெரியும். வறட்சியை நாம் வாளியால் மறைத்துவிடுகிறோம். சருகைக் கூட்டி, களையைப் பிடுங்கி, புழுவுக்கு மருந்து தெளித்து, பருவம் விட்டுப்போகும் தடயங்களை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தும்விடுகிறோம்.

என் இரண்டாவது சறுக்கலும் இங்கேதான். அழகான பத்துப் பாத்தி போட்டோம். விடுமுறை வந்தது. திரும்பி வந்தபோது பத்தில் எட்டு காய்ந்து வைக்கோலாகக் கிடந்தன. மறுவருடம் ஜாக்கிரதையாகத் தோட்டக்காரரை ஏற்பாடு செய்தோம். செடிகள் பிழைத்தன, ஆனால் தோட்டம் அவருடையதாகிவிட்டது. "மிதிக்காதே" என்று அவர் பிள்ளைகளை விரட்டுவதை நானே பார்த்தேன். தப்பு அவர்மேல் இல்லை. வளர்க்கச் சொன்னது நாங்கள்தானே.

இதற்கு ஒரு மாற்று உண்டு, செலவே இல்லாதது. தோட்டத்தின் ஓரத்தில் ஒரு சதுர மீட்டர் நிலத்தை நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டி விட்டுவிடுங்கள். நீர் ஊற்றக் கூடாது, கூட்டக் கூடாது, எதையும் பிடுங்கக் கூடாது. எங்கள் பிள்ளைகள் அதற்குச் 'சும்மா நிலம்' என்று பேர் வைத்தார்கள். வறண்ட மாதங்களில் அதில் வெடிப்பும் எறும்புப் புற்றும்தான். முதல் நல்ல மழைக்குப் பிறகு ஐந்தாறு நாளில் எங்கிருந்தோ முளைகள். இரண்டாவது வாரம் எண்ணினார்கள்: எட்டு வகை இலை, யாரும் விதைக்காதவை. பக்கத்தில் நீர் ஊற்றிய பாத்தியையும் இதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தோட்டம் பருவத்தைப் பேச ஆரம்பிக்கிறது.

## ஒரே மரம், வாரம் பதினைந்து நிமிடம்

என் சாய்வு எந்தப் பக்கம் என்று தலைப்பிலேயே தெரிந்திருக்கும். ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், பதினைந்து நிமிடம். ஒரு தாளில் தளிர், முற்றிய இலை, காய்ந்த இலை, மொக்கு, பூ, காய், பழம் என்று ஏழு கட்டம். ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய' என்று மூன்றில் ஒன்று. அதற்குக் கீழே, இன்று மரத்தில் பார்த்த ஓர் உயிர், மனதில் வந்த ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

இதைப் பெரிய அளவில் செய்கிற அமைப்புகள் உண்டு. 1995இல் தொடங்கிய 'குளோப்' திட்டத்தில் பல நாட்டுப் பள்ளிகள் இலை துளிர்ப்பதையும் உதிர்வதையும் அளந்து பதிவு செய்கின்றன. இந்தியாவில் 2010இல் தொடங்கிய 'சீசன்வாட்ச்' திட்டத்தில் பள்ளி மாணவர்கள் மரங்களை வாரா வாரம் பார்த்துக் குறிக்கிறார்கள். சேர்ந்தால் பிள்ளைகளின் தாளுக்கு ஒரு மதிப்பு வரும். சேராவிட்டாலும் ஒன்றும் குறைவில்லை.

எந்த மரம் என்பது முக்கியம். தென்னையை எடுக்காதீர்கள், வருடம் முழுக்கப் பாளை விட்டுக்கொண்டே இருக்கும், பருவம் பிடிபடாது. புங்கம், வேம்பு, சரக்கொன்றை, நாட்டு வாதுமை நல்லவை. வாதுமை இலை உதிரும்முன் சிவப்பாவதைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு மேப்பிள், பிர்ச், ஓக் என்று எதை எடுத்தாலும் சரி. காரணம் வேறு என்பதையும் சொல்லிவிடலாம்: அங்கே பகல் குறுகுவதையும் குளிரையும் வைத்து மரம் இலையை விடுகிறது, மழை ஒரு காலம், வறட்சி ஒரு காலம் என்றிருக்கும் நிலத்தில் பெரும்பாலும் நீரை மிச்சம்பிடிக்க விடுகிறது. கிளை ஒன்றாவது பிள்ளைகளின் கைக்கு எட்டவேண்டும். நாற்பது பேர் ஒரே மரத்தை மொய்த்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. குழுவுக்கு ஒரு கிளை, தளர்வாக ஒரு நூல்.

ஒரு வருடம் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் கிளையின் ஒரே ஓர் இலையை வாரா வாரம் அளந்தாள். அவளாகத் தொடங்கியது. 3 செ.மீ., 6, எட்டரை, 9. பிறகு 9. அடுத்த வாரமும் 9. ஸ்கேலை இரண்டு தரம் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், இது நின்னுடுச்சு. செத்துப் போச்சா?" என்று கலங்கிய முகத்தோடு கேட்டாள். இல்லையம்மா, வளர்ந்து முடிந்துவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை. இலையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்று வாரம் முன்பு துணி மாதிரித் துவண்ட இலை இப்போது விறைப்பாக, விரலில் பட்டு மெல்லச் சத்தம் போட்டது. தளிரில் இருந்த செம்பு நிறமும் போய்விட்டது. மென்மையான தளிரை வெயிலிலிருந்து காக்கும் நிறமிதான் அந்தச் சிவப்பு என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்ததில்லை.

மரத்தடியிலேயே இன்னும் இரண்டு வேலை வைக்கலாம். ஒன்று, தரையில் நட்ட ஒரு குச்சி. வாரம் ஒரு நாள் நடுப்பகலில் நிழல் மிகக் குட்டையாகும் இடத்தில் ஒரு கல் வையுங்கள். கற்கள் வாரா வாரம் நகரும். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவே இருப்பவர்களுக்கு வருடத்தில் இரண்டு நாள் நிழலே இல்லாமல் போகும். வெளியே இருப்பவர்களுக்கு ஒருநாளும் அப்படிப் போகாது, ஆனால் குளிர்காலத்தில் நெடுநீளமாகும். "சூரியன் பக்கத்தில் வருவதால்தான் கோடை" என்று நம்பும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு, சில பெரியவர்களும்தான். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், வடபாதிக்குக் குளிர்காலத்தில். சாய்வுதான் காரணம், 23.4 பாகை. சொல்லிப் புரியவைப்பதைவிடக் கல்வரிசையைக் காட்டுவது சுலபம்.

இரண்டாவது, பழமொழியைச் சோதிப்பது. "தட்டான் தாழப் பறந்தால் மழை" என்கிறோம். "எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை" என்கிறோம். உண்மையா? நாலு கட்டம் போடுங்கள்: தட்டான் முழங்கால் உயரத்தில் பறந்தது, மறுநாளுக்குள் மழை வந்தது; பறந்தது, வரவில்லை; பறக்கவில்லை, வந்தது; பறக்கவில்லை, வரவில்லை. பலித்ததை மட்டும் எழுதிவிட்டுப் பலிக்காததை விட்டுவிடத்தான் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் இந்தப் பயிற்சி.

பாடப்புத்தகத்தில் நாலு பருவம். தமிழில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று இரண்டிரண்டு மாதமாக ஆறு. ஜப்பானியரின் பழைய நாட்காட்டியில் ஐந்தைந்து நாளாக 72. உங்கள் மரத்துக்கு எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் 'கம்பளிப்பூச்சி மாசம்', 'ஈசல் வாரம்' என்றெல்லாம் பேர் வைத்து ஒன்பது கண்டுபிடித்தார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆறேழு வாரம் ஒன்றுமே மாறாது. தாளில் போன வாரத்தைப் பார்த்துக் காப்பி அடிப்பார்கள். அப்போது மரத்தை விட்டுப் பட்டை, வேர், சருகு என்று பார்வையை மாற்றிக்கொடுக்க ஆசிரியருக்குக் கொஞ்சம் சரக்கு வேண்டும். காலையில் பிள்ளைகள் வருமுன் சருகு கூட்டி முடித்துவிடுவார்கள். கூட்டுகிறவரிடம் ஒரு வட்டத்தை விட்டுவைக்கச் சொல்லுங்கள். ஏதோ விழாவுக்குப் பந்தல் போடக் கிளையை வெட்டிவிட்டால் ஒரு வருடம் வீண், ஆகவே பக்கத்தில் இன்னொரு மரத்தையும் கணக்கில் வையுங்கள். ஏழு வயதுக்குக் கீழே இதை மட்டும் வைத்து ஓட்ட முடியாது, உடம்பு ஓடக் கேட்கும். காடு என்றால் என்ன என்று ஒரு மரம் சொல்லாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பெரிய பயணம் | பருவத்துக்கு ஒன்று | வாரம் அரை நாள் | தோட்டம் | ஒரு மரம் |
|---|---|---|---|---|---|
| ஒரே இடத்துக்குத் திரும்புவது | இல்லை | 3–4 தடவை | 30க்கு மேல் | தினமும்கூட | 30க்கு மேல் |
| ஆசிரியர் உழைப்பு | ஒரேயடியாக, மிக அதிகம் | நடுத்தரம் | தொடர்ந்து அதிகம் | தொடர்ந்து நடுத்தரம் | குறைவு |
| வானிலை கெட்டால் | வருடமே போகும் | தள்ளிவைக்கலாம் | அதுவும் பாடம் | பாதிப்பில்லை | மறுநாள் பார்க்கலாம் |
| விடுபடுபவர்கள் | பலர் | சிலர் | சிலர் | மிகச் சிலர் | மிகச் சிலர் |
| கண்ணில் படாத செலவு | அனுமதி, ஏற்பாடு | போக்குவரத்து | இரண்டாவது ஆள், துணி, நிலத் தேய்வு | விடுமுறை நீர் | சலிப்பு, விடுமுறை இடைவெளி |

## மழை, இடி, வெயில்

வாரா வாரம் வெளியே போவதென்று முடிவெடுத்தால், எப்போது போகக் கூடாது என்பதையும் முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்தந்த நாள் மனநிலைக்கு விட்டால் தூறலுக்கே ரத்தாகும். சாதா மழை காரணம் இல்லை. இடி காரணம். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே எண்ணிப் பாருங்கள். 30 நொடிக்குள் கேட்டால் உடனே கட்டடத்துக்குள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. மரத்தடி அப்போது ஒதுங்கும் இடமே இல்லை. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் மூன்று நொடி என்பதால், உள்ளே போனபின் ஜன்னல் வழியே மின்னல் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடலாம். கடும் வெயில் நாளில் நேரத்தைக் காலை முதல் மணிக்கு மாற்றினால் போதும். பலத்த காற்றில் பழைய மரங்களின் கீழ் நிற்க வேண்டாம்.

## யாருக்கு எது

ஆரம்பப் பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகள், நடக்கும் தூரத்தில் மரங்கள், இரண்டாவது ஆள் கிடைப்பார்: இந்த மூன்றும் இருந்தால் வாரம் அரை நாளுக்கே போங்கள், யோசிக்க வேண்டாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

வெளியே விட நிர்வாகம் மறுக்கிறதென்றால் தோட்டம், கூடவே சும்மா நிலம். மூன்றாம் வகுப்புக்கு மேல், தனி ஆளாக நிற்கும் ஆசிரியர், கையில் ஒரு பாடவேளையில் பாதிதான் இருக்கிறது என்றால் மரம். அனுமதிக் கடிதம்கூட வேண்டாம், நாளைக்கே தொடங்கலாம்.

பயணத்துக்கான அனுமதி ஏற்கெனவே கிடைத்துவிட்டது, மறுக்க முடியாது என்பவர்கள் பயணத்தை வருடக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதுவரை ஒரு மரத்தைப் பார்த்த பிள்ளைகள் காட்டில் இறங்கியதும் அதே இனத்தைத் தேடுவார்கள். "நம்ம மரம் பூ விட்டாச்சு, இது ஏன் இன்னும் விடலை?" என்ற கேள்வி பேருந்திலிருந்து இறங்கிய பத்தாவது நிமிடத்தில் வரும். குரங்கும் வரும், வரட்டும்.

பள்ளி தேர்ந்தெடுக்கும் பெற்றோர், முகாம் உண்டா என்று கேட்பதற்குப் பதிலாக, "போன வாரம் பிள்ளைகள் வெளியே என்ன பார்த்தார்கள்?" என்று கேளுங்கள். போன வாரம் என்பதுதான் கேள்வி.

விடுமுறை இடைவெளி மட்டும் எந்த வழியிலும் முழுசாகத் தீராத சிக்கல். பல இடங்களில் நீண்ட விடுமுறை சரியாக மரம் அதிகம் மாறும் நேரத்தில்தான் வந்து விழுகிறது. வீட்டருகே ஒரு மரத்தைப் பார்க்கச் சொல்லலாம், பாதிப் பேர் செய்வார்கள். ஒரு வருடம் தாளை மரத்தருகே காவலர் அறையில் தொங்கவிட்டு, வெற்றுக் கட்டங்களாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். பள்ளி திறந்த அன்று பார்த்தால் ஏழு வாரமும் நிரம்பியிருந்தது. காவலர் ஐயா போட்டிருந்தார். 'நிறைய', 'கொஞ்சம்' என்று எங்கள் முறைப்படியே. உயிர் என்ற கட்டத்தில் மட்டும் அவர் கணக்கு வேறு: "கிளி 2. ராத்திரி வௌவால். அணில் சண்டை."